பஸ்டர் கீட்டனின் சாகசங்கள் நிஜமா? பேசும்படம் வந்துதான் அவர் வீழ்ந்தாரா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். ஊமைப்படக் காலத்து பஸ்டர் கீட்டன் திரையில் செய்த சாகசங்களை நிஜமாகவே அவர்தான் செய்தாரா, இல்லை கேமரா தந்திரமா என்பது ஒன்று. அவ்வளவு பெரிய கலைஞர் பேசும்படம் வந்ததும் ஏன் காணாமல் போனார் என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்குப் பதில்: அனேகமாக எல்லாமே அவரே செய்தது. இரண்டாவதற்கு: அவரை வீழ்த்தியது பேசும்படம் அல்ல. பத்து வருடம் அவர் கட்டி வளர்த்த பட்டறை கைவிட்டுப் போனதுதான். பட்டறை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவரை வெறும் நடிகராகப் பார்த்தால் அவருடைய ஏற்றமும் புரியாது, இறக்கமும் புரியாது. தச்சர், மெக்கானிக், கேமராக்காரர், கழைக்கூத்தாடி எல்லாம் சேர்ந்த ஆள் அவர். அந்த வேலை எப்படி நடந்தது என்று பார்த்தால் இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் கிடைக்கும்.

1895 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பிக்வா என்ற சிற்றூரில் பிறந்தார். இயற்பெயர் ஜோசப் ஃப்ராங்க் கீட்டன். அப்பா ஜோ, அம்மா மைரா இருவரும் ஊர் ஊராகப் போய் ஆட்டம் பாட்டம் காட்டிப் பிழைத்தவர்கள். கைக்குழந்தையாக இருந்தபோது மாடிப்படியில் உருண்டு விழுந்தும் அடிபடாமல் எழுந்ததால் 'பஸ்டர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்பது குடும்பத்தில் சொல்லப்பட்ட கதை. மாயவித்தைக்காரர் ஹூடினிதான் அந்தப் பெயரை வைத்தார் என்று கீட்டன் சொல்லி வந்தார். ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை.

சின்னப் பையனாக இருந்தபோதே பெற்றோரோடு மேடை ஏறிவிட்டார். பாட்டு, கூத்து, வித்தை எல்லாம் கலந்த வாட்வில் மேடைகளில் 'தி த்ரீ கீட்டன்ஸ்' என்று இவர்களுக்குப் பெயர். அடங்காத பிள்ளையை அப்பா கண்டிப்பதுதான் ஆட்டத்தின் சரக்கு. பையனைத் தூக்கி மேடைக்குக் குறுக்கே எறிவார், திரைச்சீலை மேல் எறிவார், சில சமயம் கீழே வாத்தியக்காரர்கள் நடுவே எறிவார். பிடித்து எறிய வசதியாகப் பையனின் சட்டை முதுகில் சூட்கேஸ் கைப்பிடி ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்கள். குழந்தை வதைத் தடுப்புச் சங்கத்தார் பல தடவை தலையிட்டார்கள். உடம்பில் காயம் இருக்கிறதா என்று பையனைச் சோதித்துப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏன் அடிபடவில்லை? விழும் வித்தையை அந்த வயதிலேயே பிடித்துக்கொண்டார். உடம்பை விறைக்காமல் தளர்த்தி விட வேண்டும். முழு எடையும் ஒரே இடத்தில் இறங்காமல் முதலில் ஒரு கையையோ காலையோ தரையில் கொடுத்து வேகத்தைத் தணிக்க வேண்டும். அஞ்சி விறைக்கிறவனுக்குத்தான் எலும்பு முறியும். பழக ஆரம்பித்த வயது அவ்வளவு சிறியதாக இருந்ததால் சரியாக விழுவது தனக்கு இயல்பாகிவிட்டது என்று பின்னாளில் சொன்னார்.

அந்த மேடையில் இன்னொன்றும் படித்தார். விழுந்து எழுந்து சிரித்தால் கூட்டம் குறைவாகச் சிரித்தது. ஒன்றுமே நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால் கொட்டகை அதிர்ந்தது. பிற்காலத்தில் 'கல் முகம்' என்று உலகம் கொண்டாடியது இப்படிப் பிறந்ததுதான். ஆனால் அந்த முகத்தில் உணர்ச்சி இல்லை என்று எழுதுகிறவர்கள் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. வாய் அசையாது. மிச்சம் எல்லாமே பேசும்.

அப்பாவின் குடி முற்றியது. மேடையில் நேரம் தவறினால் எறிகிறவருக்கு ஒன்றும் ஆகாது, எறியப்படுகிறவருக்குத்தான் கழுத்து போகும். 1917இல் ஆட்டம் கலைந்தது. பஸ்டருக்கு நியூயார்க்கில் ஒரு பெரிய மேடை நிகழ்ச்சியில் வாரம் 250 டாலருக்கு வேலை தயாராக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் நகைச்சுவை நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிள் படமெடுத்த சினிமா ஸ்டூடியோவுக்குள் போனார். முதல் நாளே 'தி புட்சர் பாய்' படத்தில் ஒரு காட்சி நடித்தார். தொப்பிக்குள் வெல்லப்பாகு ஒட்டிக்கொள்ளும் அந்தக் காட்சி ஒரே டேக்கில் முடிந்தது. 250 டாலரை உதறிவிட்டு வாரம் 40 டாலருக்கு அங்கே சேர்ந்தார்.

காரணம் கேமரா. அந்தக் கருவியைக் கழற்றி, ஒவ்வொரு பல்சக்கரமும் என்ன செய்கிறது என்று பார்த்து, திரும்பப் பூட்டினார். லென்ஸ், ஃபிலிம் ஓடும் வழி, கைப்பிடியைச் சுற்றும் வேகம், எடிட்டிங் மேஜை என எல்லாவற்றையும் ஆர்பக்கிளிடமே கற்றார். நடுவில் 1918இல் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு பிரான்ஸுக்குப் போனார். அங்கே காதில் நோய் வந்து கேட்கும் திறன் நிரந்தரமாகக் குறைந்தது. பேசும்பட விஷயத்துக்கு வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1920இல் தயாரிப்பாளர் ஜோசப் ஸ்கெங்க் அவருக்குத் தனி யூனிட் கொடுத்தார். ஹாலிவுட்டில் முன்பு சாப்ளின் படமெடுத்த ஒரு சிறிய ஸ்டூடியோ கீட்டன் ஸ்டூடியோ ஆயிற்று. இங்கேதான் பட்டறை ஆரம்பிக்கிறது. கேமராவுக்கு எல்ஜின் லெஸ்லி. செட், எந்திரம், எது கேட்டாலும் செய்து தரும் ஃப்ரெட் கேபூரி. நகைச்சுவை யோசிக்க கிளைட் ப்ரக்மன், ஜீன் ஹேவெஸ், ஜோசப் மிட்செல். ஒரு படம் முடிந்தால் கலைந்து போகிற கூட்டம் இல்லை, வருடம் முழுக்கச் சம்பளத்தில் இருந்தவர்கள். எழுதி வைத்த திரைக்கதை கிடையாது. கதைக்கு ஆரம்பமும் முடிவும் கிடைத்துவிட்டால் போதும், நடுப்பகுதி தானே வரும் என்பது அவர்கள் முறை. யோசனை முட்டிக்கொண்டால் எல்லோரும் பேஸ்பால் ஆடப் போவார்கள். ஆட்டத்தின் நடுவில் யாருக்காவது பொறி தட்டினால் மட்டையைப் போட்டுவிட்டு ஷூட்டிங்குக்குத் திரும்புவார்கள். படம் முடிந்ததும் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டி, சிரிப்பு எங்கே விழுகிறது, எங்கே அடங்குகிறது என்று குறித்துக்கொண்டு மறுபடி ஷூட்டிங் போவார்கள். செட்டும் ஆளும் கையிலேயே இருப்பதால் அது முடிந்தது.

இதற்கு 'செவன் சான்சஸ்' (1925) நல்ல சாட்சி. மணப்பெண்கள் கூட்டம் துரத்த, கீட்டன் மலைச்சரிவில் ஓடிவருகிறார். வெள்ளோட்டக் காட்சியில் அந்த இடம் சாதாரணமாகத்தான் போயிற்று. ஆனால் ஓடும்போது தற்செயலாக அவர் கால் இடறி மூன்று கற்கள் பெயர்ந்து அவர் பின்னால் உருண்டன. அங்கே கொட்டகை சிரித்தது. உடனே ஆட்கள் காகிதக் கூழில் சுமார் 1,500 பாறைகள் செய்தார்கள். பம்பளிமாஸ் அளவிலிருந்து எட்டடி விட்டமுள்ளவை வரை. சரிவுக்குத் திரும்பிப்போய்ப் பாறைகளை உருட்டி அந்தத் துரத்தலை எடுத்தார்கள். இன்று அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது அந்தப் பாறைகளைத்தான். எழுதி வைத்த திரைக்கதையில் இது வரவே வராது.

இனி சாகசம். ஒரே ஒரு ஷாட்டை எடுத்துக்கொண்டு முழுவதும் பார்ப்போம். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் புயலில் ஒரு வீட்டின் முன்பக்கச் சுவர் அப்படியே பெயர்ந்து அவர் மேல் விழுகிறது. பரணில் இருக்கும் திறந்த ஜன்னல் சரியாக அவர் நிற்கும் இடத்தில் இறங்குவதால் தப்பிக்கிறார். சுவரின் எடை இரண்டு டன் என்று சொல்வார்கள். கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் எடுத்தது.

செய்த முறையை அவரே விவரித்திருக்கிறார். முதலில் வீட்டின் சட்டத்தை எழுப்பி, சுவரின் அடியில் இருக்கும் கீல்கள் துளியும் ஆடாமல் உறுதியாக இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். கூரை உயரமாக, கூம்பிய வடிவில் இருந்ததால் ஜன்னலைத் தரையிலிருந்து சுமார் 18 அடி உயரத்தில் வைக்க முடிந்தது. சாதாரண மாடி ஜன்னல் 12 அடியில்தான் இருக்கும். அடுத்து அந்தச் சட்டத்தைத் தரையில் படுக்க வைத்தார்கள். அவர் போய் நின்றார். ஜன்னலை அவர் உடம்பைச் சுற்றிக் கட்டினார்கள். ஒவ்வொரு தோளுக்கும் இரண்டு அங்குலம் இடைவெளி, தலைக்கு மேலே இரண்டு அங்குலம், குதிகாலுக்குப் பின்னே இரண்டு அங்குலம். அவருடைய இரண்டு குதிகாலும் எங்கே நிற்கின்றனவோ அங்கே தரையில் பெரிய ஆணி அடித்தார்கள். பிறகுதான் சட்டத்தை நிமிர்த்தி, முகப்பை மூடி, வண்ணம் அடித்து, பிய்ந்த விளிம்பு தெரியும்படி செதுக்கி வீடாக்கினார்கள். அதாவது வீட்டைக் கட்டிவிட்டு அதில் ஆளை நிறுத்தவில்லை. ஆளை நிறுத்திவிட்டு அவர் அளவுக்கு வீட்டைக் கட்டினார்கள்.

அடுத்த சிக்கல் காற்று. புயலுக்காக லிபர்ட்டி விமான எஞ்சின் பொருத்திய ஆறு காற்று எந்திரங்கள் வைத்திருந்தார்கள். லாரியையே சாலையிலிருந்து தூக்கிவிடும் அளவுக்கு வேகம். முன்புறத்திலும் பின்புறத்திலும் புயல் வீசுவது தெரிய வேண்டும், ஆனால் விழுகிற சுவரின் முகத்தில் காற்று படவே கூடாது. பட்டால் சுவர் முறுக்கிக்கொண்டு கோணலாக விழும். இரண்டு அங்குலக் கணக்கில் அதற்கு இடமில்லை. ஒரே டேக். யூனிட்டில் சிலர் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அன்று தன் மனநிலை சரியில்லை, இல்லாவிட்டால் அதைச் செய்திருக்க மாட்டேன் என்ற பொருளில் பின்னர் சொல்லியிருக்கிறார்.

இந்த யோசனை அன்று பிறந்ததும் அல்ல. 1919இல் ஆர்பக்கிளோடு நடித்த 'பேக் ஸ்டேஜ்' படத்தில் லேசான மேடைத் தட்டி விழுகிறது. 1920இல் 'ஒன் வீக்' படத்தில் வீட்டுச் சுவர் விழுகிறது. 1928இல் இரண்டு டன். ஒரே வேலையை ஒன்பது வருடமாகத் திரும்பத் திரும்பச் செய்து பெரிதாக்கிய பட்டறைக்காரரின் புத்தி இது.

எல்லாம் இப்படிக் கச்சிதமாகவே முடிந்ததா? இல்லை. எங்கே பிசகியது என்று பார்ப்பதும் அவசியம்.

1921இல் 'தி எலெக்ட்ரிக் ஹவுஸ்' படத்துக்கு நகரும் படிக்கட்டு ஒன்று செய்தார்கள். அதில் அவருடைய நீண்ட காலணி மாட்டிக்கொண்டு கணுக்கால் முறிந்தது. படம் நின்றது. கால் தேறிக்கொண்டிருந்தபோது குதிக்காமல் எதை எடுக்கலாம் என்று யோசித்ததில்தான் 'தி ப்ளேஹவுஸ்' வந்தது. அதில் ஒரே ஃப்ரேமில் ஒன்பது கீட்டன்கள் மேடையில் ஆடுவார்கள். லென்ஸின் முன்னால் ஒளி புகாத ஒரு பெட்டி. அதில் ஒன்பது செங்குத்துப் பட்டைகள். ஒரு பட்டையை மட்டும் திறந்து ஒரு கீட்டனைப் படமெடுப்பார்கள். ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அதை மூடி, அடுத்த பட்டையைத் திறப்பார்கள். இப்படி ஒன்பது தடவை. அன்றைய கேமராவுக்கு மோட்டார் இல்லை, கையால் சுற்ற வேண்டும். ஒன்பது தடவையும் லெஸ்லியின் கை ஒரே வேகத்தில் சுற்றவில்லையென்றால் ஒரு கீட்டன் வேகமாகவும் இன்னொருவர் மெதுவாகவும் ஆடுவார். எட்டாவது தடவையில் பிசகினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். லெஸ்லியின் கைக்கு நிகர் அன்று யாருமில்லை என்று கீட்டன் கடைசிவரை சொன்னார்.

'த்ரீ ஏஜஸ்' (1923) படத்தில் ஒரு மாடியிலிருந்து எதிர் மாடிக்குத் தாவ வேண்டும். விளிம்பைப் பிடிக்க முடியாமல் கீழே வலையில் விழுந்து அடிபட்டார். எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது அந்தத் தவறிய தாவல் அருமையாக இருந்தது. ஆகவே அதையே வைத்துக்கொண்டு, விழுகிற வழியில் ஜன்னல் கூடாரங்களைக் கிழித்து, குழாயைப் பிடித்துத் தொங்கி, தீயணைப்பு நிலையத்துக்குள் போய் விழுவதாக மீதியைப் பின்னினார்கள்.

'அவர் ஹாஸ்பிடாலிட்டி' (1923) படத்துக்காக ட்ரக்கி ஆற்றின் வேகநீரில் இறங்கினார். அவரைப் பிடித்து வைத்திருந்த கம்பி அறுந்தது. ஆறு அடித்துக்கொண்டு போயிற்று. கேமராக்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அந்தக் காட்சி படத்தில் இருக்கிறது. அதே படத்தில் அருவி விளிம்பில் கதாநாயகியைக் காப்பாற்றும் இடம் மட்டும் ஸ்டூடியோவில் கட்டிய செட்.

மிக மோசமானது 'ஷெர்லக் ஜூனியர்' (1924). ஓடும் சரக்கு ரயிலின் மேல் ஓடிவந்து, எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் தொட்டியின் கயிற்றைப் பிடித்துத் தொங்க வேண்டும். பாரத்தில் குழாய் தாழ்ந்து தண்ணீர் கொட்டும். கணக்கில் விட்டுப்போனது தண்ணீரின் கனம். கொட்டிய வேகத்தில் பிடி நழுவிக் கீழே விழுந்து, பின்கழுத்து தண்டவாளத்தில் இடித்தது. கொஞ்ச நாள் கடும் தலைவலி. வேலை நிற்கவில்லை. பல வருடம் கழித்து வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுத்த டாக்டர், கழுத்தெலும்பு எப்போது முறிந்தது என்று கேட்டார். முறிந்து தானே கூடியிருந்தது.

இதே படத்தில் கனவில் அவர் சினிமாத் திரைக்குள் நுழைவார், பின்னணி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். தோட்டம், தெரு, மலை விளிம்பு, சிங்கங்கள். அவர் நிற்கும் இடம் மாறாது. ஒவ்வொரு ஷாட்டும் முடிந்ததும் கேமராவுக்கும் அவருக்கும் உள்ள தூரத்தை நில அளவைக் கருவிகளால் அளந்து குறித்தார்கள். எடுத்த ஃபிலிமை உடனே கழுவி, கடைசிச் சில ஃப்ரேம்களை வெட்டிக் கேமராவின் வாயிலில் வைத்துப் பார்த்து, அடுத்த இடத்தில் அவரை அதே புள்ளியில் நிறுத்தினார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், திறந்த வெளியில் செய்த வேலை இது.

டூப் விஷயத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 'காலேஜ்' (1927) படத்தில் கழியை ஊன்றி மாடி ஜன்னலுக்குள் தாவுவது கீட்டன் இல்லை. 1924 ஒலிம்பிக்கில் அந்தப் போட்டியில் தங்கம் வென்ற லீ பார்ன்ஸ். மறுபக்கம், 'ஷெர்லக் ஜூனியர்' படத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழும் உதவியாளர் வேடத்துக்கு டூப் போட்டது கீட்டனே. தன் படத்தில் மற்றவர்களுக்கு டூப் போட்ட கதாநாயகன் அவர்.

'தி நேவிகேட்டர்' (1924) பற்றி ஒரு வார்த்தை. உடைப்புக்குப் போகவிருந்த 'ப்யூஃபர்ட்' என்ற பழைய கப்பல் கைக்கு வந்தது, அதைச் சுற்றியே கதை கட்டினார்கள். கடலடிக் காட்சிக்கு ஒரு நீச்சல் குளத்தின் சுவரை உயர்த்தித் தண்ணீர் நிரப்பினார்கள். பாரம் தாங்காமல் அடித்தளம் உடைந்தது. அதனால் தாஹோ ஏரிக்குப் போனார்கள். தண்ணீர் தெளிவு, ஆனால் தாங்க முடியாத குளிர். ஒரு தடவை அரை மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்க முடியாது. கேமராக்காரர்கள் இருந்த நீர்புகாப் பெட்டியின் கண்ணாடியில் ஆவி படிந்து மறைத்தது. வெளித் தண்ணீரும் உள் காற்றும் ஒரே குளிர்ச்சியில் இருந்தால்தான் ஆவி படியாது என்பதால் பெட்டிக்குள் பனிக்கட்டியை அடுக்கினார்கள். அவருடைய லாபகரமான படங்களில் இது ஒன்று.

'தி ஜெனரல்' (1926) என்னைப் பொறுத்தவரை அவருடைய உச்சம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 ஏப்ரலில் வடக்குப் படையினர் தெற்குப் பகுதிக்குள் புகுந்து ஒரு ரயில் எஞ்சினைத் திருடிய உண்மைச் சம்பவம். ஒரிகன் மாநிலத்தில் காட்டேஜ் க்ரோவ் ஊரில் எடுத்தார்கள், பழைய தண்டவாளங்கள் அங்கே இருந்ததால். அந்த மாநிலத் தேசியக் காவல்படை வீரர்கள் சுமார் 500 பேர் இரண்டு தரப்புச் சீருடையையும் மாற்றி மாற்றிப் போட்டு நடித்தார்கள்.

அதில் சின்னதாகத் தெரியும் ஒரு காட்சிதான் மிக ஆபத்தானது. காதலி ஒதுக்கிவிட்டாள் என்ற சோகத்தில் எஞ்சின் சக்கரங்களை இணைக்கும் தண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார். எஞ்சின் நகர்கிறது. தண்டு மேலும் கீழும் போக, அவரும் உட்கார்ந்தபடியே வளைந்து எழுந்து இறங்குகிறார். கொஞ்ச நேரம் கழித்தே கவனிக்கிறார். நீராவி எஞ்சின் கிளம்பும்போது கொஞ்சம் அதிகமாக நீராவி கொடுத்தாலும் சக்கரம் பிடிப்பு இல்லாமல் அதே இடத்தில் சுழலும். சுழன்றால் தண்டில் இருப்பவர் தூக்கி எறியப்படுவார், உயிர் மிஞ்சாது. எஞ்சின் டிரைவர் நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்து, தன்னால் வழுக்காமல் கிளப்ப முடியும் என்று உறுதியான பிறகே சம்மதித்தார். சோகமும் சிரிப்பும் ஒன்றாக வரும் அந்தச் சில நொடிகளுக்காக இவ்வளவு.

அதே படத்தில் எரியும் பாலத்தின் மேல் நிஜ எஞ்சின் ஏறி, பாலம் முறிந்து ஆற்றில் விழும். பொம்மை எஞ்சின் இல்லை. 1926 ஜூலை 23 அன்று ரோ ஆற்றில், பல கேமராக்களை வைத்து ஒரே தடவையில் எடுத்தார்கள். அந்த ஒரு ஷாட்டுக்கு 42,000 டாலர் ஆயிற்று என்று கணக்குச் சொல்வார்கள். ஊமைப்பட யுகத்திலேயே அதிகச் செலவான ஷாட். விழுந்த எஞ்சின் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பழைய இரும்புக்காக எடுக்கப்படும்வரை ஆற்றிலேயே கிடந்தது.

படத்துக்கான செலவு ஏழரை லட்சம் டாலரை ஒட்டி இருந்தது. அமெரிக்காவில் வசூல் ஐந்து லட்சத்தைத் தொடவில்லை. விமர்சகர்களும் கைவிட்டார்கள். இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி தொடங்குகிறது. இன்னும் ஒலி வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அன்றைய மற்ற நகைச்சுவை நட்சத்திரங்களான சாப்ளினும் ஹெரால்டு லாயிடும் தங்கள் படங்களுக்குத் தாங்களே உரிமையாளர்கள். கீட்டனுக்கு ஸ்டூடியோவும் சொந்தமில்லை, படங்களும் சொந்தமில்லை. எல்லாம் ஸ்கெங்க் பக்கம். ஸ்கெங்க் வேறு யாருமல்ல, உறவுக்காரர்: கீட்டனின் மனைவி நட்டாலி டால்மட்ஜின் அக்கா நார்மாவின் கணவர். சகலை பார்த்துக்கொள்வார் என்று காகிதம் எதையும் கீட்டன் கவனிக்கவில்லை. செலவு கையைக் கடித்ததும் ஸ்கெங்க் யூனிட்டை மூடி, அவரை எம்ஜிஎம் கம்பெனிக்கு அனுப்பினார். எம்ஜிஎம்மின் தாய்க் கம்பெனிக்குத் தலைவர் ஸ்கெங்கின் தம்பி நிக்கலஸ். போக வேண்டாம் என்று சாப்ளினும் லாயிடும் எச்சரித்தார்கள். வாரம் 3,000 டாலர் சம்பளத்தில் 1928இல் போய்ச் சேர்ந்தார். தன் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறு அதுதான் என்று தன்வரலாற்றிலேயே எழுதினார்.

எம்ஜிஎம் நல்ல கம்பெனிதான், ஆனால் தொழிற்சாலை. அங்கே திரைக்கதை முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். செட், நாள், செலவு எல்லாம் அட்டவணை. லெஸ்லியும் ப்ரக்மனும் முதல் படம் வரை கூட இருந்தார்கள், பிறகு யூனிட் சிதறியது. விலை உயர்ந்த நடிகர் கழுத்தை முறித்துக்கொள்ளக் கூடாது என்பதால் சாகசங்களுக்குத் தடை. முதல் படமான 'தி கேமராமேன்' (1928) மிக நன்றாக வந்ததற்குக் காரணம், நியூயார்க் ஷூட்டிங் கூட்டத்தால் கெட்டபோது தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பர்க்கிடம் பேசி, எழுதியதில் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டுத் தன் பழைய வழியில் எடுக்க அனுமதி வாங்கியதுதான். அதற்குப் பிறகு அந்த அனுமதி கிடைக்கவில்லை.

ஒலிக்கு அவர் பயந்தாரா என்றால், இல்லவே இல்லை. 1929இல் 'ஸ்பைட் மேரேஜ்' படத்தைப் பேசும்படமாக எடுக்கலாம் என்று கேட்டவரே அவர்தான். கம்பெனிதான் மறுத்தது. குரலும் கெட்ட குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பான, ஆழமான குரல். மேடையில் பேசிப் பாடி வளர்ந்தவர். காது மந்தமாக இருந்தும் வெளிநாட்டுப் பதிப்புகளுக்காக ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் வசனங்களை ஒலியை மட்டும் மனப்பாடம் செய்து பேசி நடித்தார். அவருடைய பேசும்படங்கள் வசூலிலும் தோற்கவில்லை, ஊமைப்படங்களைவிட நன்றாகவே ஓடின. அதனாலேயே கம்பெனிக்குத் தான் செய்வது தவறு என்று தோன்றவில்லை.

திரையில் என்ன கெட்டது என்றால், ஆள் மாறிப்போனார். பழைய படங்களில் அவர் ஒரு பிரச்னையைப் பார்த்து, யோசித்து, கையில் கிடைத்த பொருளை வைத்துத் தீர்க்கிறவர். 'ஜெனரல்' படத்தில் எஞ்சின் முகப்பில் உட்கார்ந்து, தண்டவாளத்தில் கிடக்கும் ஒரு சிலீப்பர் கட்டையைத் தன் கையிலிருக்கும் இன்னொரு கட்டையால் ஒரு முனையில் அடித்துத் தெறிக்க விடுவார். கணக்குத் தெரிந்தவன் வேலை அது. எம்ஜிஎம் படங்களில் அவர் அசட்டுத்தனமாக வார்த்தைகளில் தடுமாறும் ஏமாளி. பக்கத்தில் ஓயாமல் பேசும் ஜிம்மி டுராண்டியைப் போட்டார்கள். முன்பெல்லாம் கேமராவைத் தள்ளி வைத்து, தலை முதல் கால் வரை தெரியும்படி, வெட்டாமல் ஒரே ஷாட்டில் காட்டுவார். வெட்டினால் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வரும் என்பது அவர் கணக்கு. இப்போது நாலு பேர் ஒரு அறையில் நின்று வசனம் பேசினார்கள்.

வீட்டிலும் இடிந்தது. 1932இல் விவாகரத்து. நட்டாலி, இரண்டு மகன்களின் குடும்பப் பெயரையும் டால்மட்ஜ் என்று மாற்றிவிட்டார். குடி தலைக்கேறியது. படப்பிடிப்புக்கு வராமல் போனார். 1933இல் எம்ஜிஎம் அவரை நீக்கியது. குடியினால் வீழ்ந்தார் என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் தன் வழியில் படமெடுக்கும் உரிமை பறிபோன பிறகே குடி அந்த அளவுக்குப் போனது என்ற வரிசையை மாற்றிச் சொல்லக் கூடாது.

அதற்குப் பிறகு அவர் காணாமல் போனார் என்பதும் சரியில்லை, உழைத்துக்கொண்டேதான் இருந்தார். எஜுகேஷனல் கம்பெனிக்கு 16 குறும்படங்கள், கொலம்பியாவுக்கு 10. 1937இலிருந்து எம்ஜிஎம்மிலேயே பெயர் வராத நகைச்சுவை யோசனையாளராக, வாரம் 100 டாலரில். முன்பு வாங்கியதில் முப்பதில் ஒரு பங்கு. அங்கே நகைச்சுவை நடிகர் ரெட் ஸ்கெல்டன் படங்களுக்கு வேலை செய்தார். 'எ சதர்ன் யாங்கி' (1948) படத்தில் ஒரு காட்சி: சட்டையின் ஒரு பாதி வடக்குப் படை நீலம், மறு பாதி தெற்குப் படை சாம்பல், கொடியும் அப்படியே இரண்டு பக்கம். இரண்டு படைகளுக்கு நடுவே ஸ்கெல்டன் நடந்து போக, இரு தரப்பும் தங்கள் ஆள் என்று ஆரவாரம் செய்யும். காற்று திரும்பிக் கொடி புரண்டதும் குட்டு வெளிப்படும். யோசனை கீட்டனுடையது.

1940இல் நடனக்காரர் எலினார் நாரிஸை மணந்தார். அவருக்கு 21 வயது, கீட்டனுக்கு 44. எல்லோரும் தடுத்த கல்யாணம், கடைசிவரை நிலைத்தது. கீட்டன் தெளிந்து எழுந்ததில் எலினாருக்குப் பெரிய பங்கு உண்டு. 1947இல் பாரிஸ் மெட்ரானோ சர்க்கஸில் ஆடினார். 1949இல் 'லைஃப்' பத்திரிகையில் விமர்சகர் ஜேம்ஸ் ஏஜி எழுதிய கட்டுரை ஊமைப்பட நகைச்சுவையை மறுபடி பேச வைத்தது. 1952இல் 'லைம்லைட்' படத்தில் சாப்ளினோடு ஒரே மேடையில் தோன்றினார்.

ஐம்பதுகளில் இன்னொரு அதிர்ஷ்டம். கீட்டன் முன்பு வாழ்ந்த பெவர்லி ஹில்ஸ் பங்களாவை வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கே பூட்டிக் கிடந்த அறையில் பழைய ஃபிலிம் சுருள்களைக் கண்டெடுத்தார். அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் தானே சிதைந்து பொடியாகிவிடும், எளிதில் தீப்பற்றும். அவற்றைப் புது ஃபிலிமுக்கு மாற்றி மறுபடி உலகெங்கும் திரையிட வைத்ததில் ரேமண்ட் ரோஹவர் என்ற விநியோகஸ்தருக்கு முக்கியப் பங்கு. 1960இல் கௌரவ ஆஸ்கர். 1965இல் வெனிஸ் திரைப்பட விழாவில் எழுந்து நின்று கைதட்டினார்கள். 1966 பிப்ரவரி 1 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தார், வயது 70. நோயின் பெயரைக் கடைசிவரை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பார்க்க ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 'ஒன் வீக்', அரை மணி நேரம்கூட இல்லை. அடுத்து 'ஷெர்லக் ஜூனியர்', முக்கால் மணி நேரம். பிறகு 'ஜெனரல்', 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்'. அதற்கப்புறம் 'தி கேமராமேன்' பார்த்துவிட்டு உடனே 1932இன் 'ஸ்பீக் ஈஸிலி' பாருங்கள். நான் மேலே சொன்ன வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்துவிடும். 1920 முதல் 1928 வரையிலான படங்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமை முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். அதனாலேயே மங்கலான, ஓரம் வெட்டுப்பட்ட, தாறுமாறான வேகத்தில் ஓடும் பிரதிகள் இணையத்தில் நிறைய. ஆட்கள் எறும்பு மாதிரி விறுவிறுவென்று ஓடினால் அந்தப் பிரதியை விட்டுவிடுங்கள். சீரமைக்கப்பட்ட பதிப்பில், முகம் தெளிவாகத் தெரிகிறதா, மேலும் கீழும் ஃப்ரேம் முழுதாக இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். சுவர் விழும் இடத்தில் ஒரு தடவை நிறுத்தி, ஜன்னல் சட்டத்துக்கும் அவர் தோளுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள்.